சாமி படத்துக்கு முன் வைத்த நைதரசன்

இன்று காலை ஆய்வுகூடத்தில் தொலுயீன் போத்தலின் மூடியைத் திருகினேன். வாசம் மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். "புதுசா பெயின்ட் அடிச்ச தோட்டத்து டிஸ்பென்சரி வாசம்டி இது" என்று முதல் நாளே சொன்னவள் நீ. இத்தனை வருடமாக இந்தத் திரவத்தோடு குப்பை கொட்டுகிறேன், இதைவிடச் சரியாக எனக்குச் சொல்ல வரவில்லை. கரித்தூள் மாதிரி இருக்கும் ஃபுலரீனை ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினேன். கத்தரிப்பூ நிறத்தில் கரைந்தது.

போன வாரம் உன் வீட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. வகுப்பில் பாதியில் நின்றுவிடுகிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீ படிக்கப்போவதில்லை என்று தெரியும். நீ இருந்தபோது மட்டும் என்ன வாழ்ந்தது? நான் எழுதிக் கொடுத்த எதையும் நீ முழுதாகப் படித்ததில்லை. இரண்டாம் பக்கத்திலேயே சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவாய்.

நான் றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே இருக்கும் தோட்டம், நீ பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷன். ஆராய்ச்சி மாணவிகளாக இரசாயனவியல் பிரிவில் சேர்ந்தபோதுதான் ஒருவரை ஒருவர் தெரியும். மலையகத்துப் பெண்கள் என்று அங்கே நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். அதனால் ஒரே அறை, ஒரே சாப்பாடு, ஓயாத சண்டை. எனக்குக் கை நடுங்கும். நீ ஊசிக்குழாயைப் பிடித்தால் துளி எங்கே விழ வேண்டுமோ அங்கே விழும். பேராசிரியர் நல்ல மனிதர். சிங்களவர், நம்மோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். மனம் குளிர்ந்தால் மட்டும் தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொற்களை எடுத்து விடுவார். உன் மேசைப் பக்கம் வந்தால் "ரொம்ப நல்லம்" என்பார். என் மேசைப் பக்கம் வந்தால் ஆங்கிலம்தான்.

பேராசிரியர் அந்த அருமையான ஆய்வு வேலையை உனக்குக் கொடுத்தபோது எனக்குப் பொறாமை வந்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய். பொறாமை வரவில்லை. இதை இவளைத் தவிர யாராலும் செய்ய முடியாது என்று தோன்றியது.

அறுபது காபன் அணுக்கள் கைகோத்து ஒரு பந்தாக நிற்கின்றன, அதுதான் ஃபுலரீன். பந்துக்குள் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் ஒரே ஒரு நைதரசன் அணுவை அடைத்து வைக்கலாம் என்று வெளிநாட்டில் செய்து காட்டியிருந்தார்கள். நைதரசனை வேகமாக எறிந்து உள்ளே செலுத்த வேண்டும். எறிவதில் பெரும்பாலானவை வீண். ஆயிரக்கணக்கான வெறும் பந்துகளுக்கு நடுவே எங்கோ ஒன்றில்தான் உள்ளே ஆள் இருக்கும். அவற்றை மட்டும் பிரித்தெடுக்க மாதக்கணக்கில் பாடுபட வேண்டும். அப்படிப் பிரித்ததில் துளியூண்டு, நம் பேராசிரியர் மேல் இருந்த நம்பிக்கையில், ஒரு வெளிநாட்டு ஆய்வுகூடம் நமக்கு அனுப்பியிருந்தது. அந்தப் பந்தின் வெளிப்புறத்தில் ஒரு கைப்பிடி ஒட்ட வேண்டும், உள்ளே இருக்கும் அணு போய்விடக் கூடாது. இதுதான் உன் வேலை. கைப்பிடி இருந்தால்தான் பந்தை வேறொன்றோடு கோக்க முடியும், எதற்காவது பயன்படுத்த முடியும். ஒட்டுவதற்குச் சூடு தேவை. சூடு கூடினால் அணு வெளியேறிவிடும். பந்துக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே இருந்தவன் மட்டும் இருக்கமாட்டான்.

அந்த அணுவின் குணம் உனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தனி நைதரசன் அணு வெளியில் இருந்தால் கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும். பந்துக்குள் நடுவில் தனியாக நிற்கும், சுவரைக்கூடத் தொடாது. தோட்டத்து மேனேஜரைத் தொரை என்றுதானே நாம் சொல்வோம். நீ அந்தப் பெயரையே அணுவுக்கும் வைத்தாய். "பெரிய பங்களா, நடுவுல ஒத்த ஆளு, ஒருத்தரோடயும் ஒட்டுறதில்ல. தொரையேதான்டி." அதிலிருந்து தினமும் காலையில் நான் உன்னைக் கேட்கும் கேள்வி, "தொர பங்களாவுல இருக்காரா?" நீ கண்ணாடிக் குடுவையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெளிய வரல, உள்ளதான் இருக்கணும்" என்பாய்.

இருக்கிறாரா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது, அதுதான் சோதனை. அணு இருந்தாலும் பந்து அதே பந்து, போனாலும் அதே பந்து, நிறத்தில்கூட மாற்றமில்லை. பெரிய காந்தத்துக்கு நடுவே வைத்துப் பார்க்கும் கருவி வேண்டும். ஆள் இருந்தால் திரையில் மூன்று கூரிய கோடுகள் எழும்பும். அந்தக் கருவி நம்மிடம் இல்லை. செய்து முடித்ததைத் திரும்ப அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கே அனுப்ப வேண்டும். மூன்று கோடுகள் எழும்பினால் அங்கேயே கலாநிதிப் பட்டத்துக்கு உனக்கு இடம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். மேல் டிவிஷனில் இருந்து ஒரு புள்ள அங்கே போகப்போகிறாள் என்று நான் உனக்கு முன்னாலேயே கனவு கண்டேன்.

நீ அவசரப்படவில்லை. மற்றவர்கள் கொதிக்க வைத்துச் சில மணி நேரத்தில் முடிப்பதை நீ இளஞ்சூட்டில் நாட்கணக்கில் வைத்தாய். ஒரு மதியம் மட்டும் ஒன்று நடந்தது. நீ சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது எண்ணெய்த் தொட்டியின் வெப்பமானி, நீ வைத்துவிட்டுப் போன இடத்தைக் கொஞ்சம் தாண்டி நின்றது. எவ்வளவு நேரமாக அப்படி நின்றது என்று தெரியவில்லை. உடனே சூட்டைக் குறைத்தாய். பேராசிரியரிடமும் ஒளிக்காமல் போய்ச் சொன்னாய். "கொஞ்சம்தானே, தாங்கும்" என்றார் அவர். நீயும் அதை அதோடு விட்டுவிட்டாய் என்றுதான் நினைத்தேன்.

கைப்பிடி ஒட்டியதும் கத்தரிப்பூ நிறம் போய்ப் பழுப்பாகும். ஆனது. ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி, காற்றை வெளியேற்றி ஆர்கன் வாயுவை அடைத்து, மூடியை உருக்கி ஒட்டியது போல் இறுக்கினாய். அதன் மேல் நம் ஆய்வுகூடத்து வழக்கப்படி வெள்ளித்தாளைச் சுற்றினாய். ஃபுலரீன் கரைசல் எதுவானாலும் நாம் வெள்ளித்தாள் சுற்றுவோம். வெளிச்சமும் காற்றும் சேர்ந்தால் நாள்பட நிறம் மங்கும் என்பது மட்டும்தான் அப்போது நமக்குத் தெரிந்த காரணம்.

விரிவுரையாளர் ஒருவர் ஞாயிறு இரவு விமானம் ஏற இருந்தார். அந்த நாட்டுக்கேதான் போகிறார், கையோடு கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை உன் அம்மா போன் பண்ணினார். "அவ்வளவு பெரிய சாமான, எங்க கண்ணுல காட்டாமலே அனுப்பிருவியா?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் பையைத் தூக்கிக்கொண்டேன். அன்றைக்கு ரயில் என் ஊரான றொசல்லயில் நின்றபோது நான் இறங்கவில்லை. உன்னோடு ஹட்டன் வரை வந்து, அங்கிருந்து பொகவந்தலாவை பஸ். வளைவு வளைவாகத் திரும்பும்போதெல்லாம் நீ இரண்டு கையாலும் மடியில் இருந்த பையைப் பிடித்துக்கொண்டாய். பக்கத்தில் இருந்த பெண் "முட்டையா புள்ள?" என்று கேட்டாள். "ஆமாக்கா, தொரை முட்டை" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

உங்கள் வீட்டு வழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வீட்டிலிருந்து ஒரு பெரிய காரியத்துக்குப் போகும் பொருள் எதுவானாலும் முதலில் சாமி படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். உன் பரீட்சை அட்டை, அப்பா புதிதாக வாங்கிய சைக்கிளின் சாவி, அக்கா கல்யாணத்துக்கு எடுத்த சேலை எல்லாம் அந்தத் தட்டில் இருந்துவிட்டுத்தான் போயின. வைத்த பொருள் வாசலைத் தாண்டும்வரை அங்கே விளக்கு அணையக் கூடாது. அப்பா தேயிலைத் தூள் அரைக்கும் ஸ்டோரில் மெசின் வேலை செய்தவர் இல்லையா, எண்ணெய் விளக்கு காற்றில் அணைகிறது என்று அந்தப் பலகைக்கு நேர் மேலே ஒரு டியூப் லைட்டைப் பொருத்தி வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினாராம். முருகனும் மாரியம்மனும் அந்த வெள்ளை வெளிச்சத்தில் பளிச்சென்று இருந்தார்கள்.

நீ குப்பியை வெள்ளித்தாளோடு தட்டில் வைத்தாய். அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இது என்னா, பொட்டலமாட்டம்? பிரிச்சு வையி புள்ள. சாமி பாக்க வேணாமா?"

"சாமிக்கு உள்ளுக்குள்ள இருக்குறதுலாம் தெரியும்மா."

"சாமிக்குத் தெரியும். எனக்குத் தெரியுமா?"

நீ ஒரு நிமிடம் யோசித்தாய். என்னிடம் திரும்பி, "ஆர்கன் அடச்சிருக்குல்ல, காத்து இல்ல, ஒண்ணும் ஆகாது" என்றாய். எனக்கும் அது சரியென்றே பட்டது. படித்த யாரைக் கேட்டிருந்தாலும் அன்றைக்கு அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நீ தாளைப் பிரித்தாய். அம்மா குனிந்து பார்த்தார்.

"அட, வெறுந் தேத்தண்ணி!"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு பாயில் உட்கார்ந்து அம்மாவுக்கு விளக்கினாய். கரியால் ஆன பந்து, அதற்குள் ஒரு நைதரசன். "தேயிலைக்குப் போடுற ஒரத்துல இருக்குமே, அந்த நைதரசனா?" என்றார் அம்மா. ஆமாம் என்றாய். "நாங்க மூட்ட மூட்டயா மலைக்குப் போடுறோம். நீ ஒண்ணே ஒண்ணத் தூக்கி கரிக்குள்ள அடச்சு வச்சிருக்க. நல்ல படிப்புதான்." இதைச் சொல்லிக்கொண்டே குப்பியின் மூடியில் விபூதியைப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை. மறுநாள் லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்க வந்து பார்த்துவிட்டுப் போனது. இரண்டு நாளும் அம்மா அந்தப் பலகையைச் சுற்றியே வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். ஹட்டன் ஸ்டேசனில் வைத்துத்தான் நீ கைக்குட்டையால் மூடியைத் துடைத்து, மறுபடியும் வெள்ளித்தாளைச் சுற்றினாய். "பொட்டு வச்ச நைதரசன் உலகத்துலயே இது ஒண்ணுதான்டி" என்றாய்.

அன்று இரவே குப்பி விரிவுரையாளர் கையில் விமானம் ஏறியது. பதில் வரச் சில வாரம் ஆனது. கைப்பிடி அழகாக ஒட்டியிருக்கிறது, பந்துக்குச் சேதமில்லை, ஆனால் கோடுகள் எதுவும் இல்லை, ஒன்றுகூட இல்லை என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார்கள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். இன்னொரு தடவை கொடுப்பதற்குத் தங்களிடம் பொருள் இல்லை என்பதையும் மரியாதையாகவே சொல்லியிருந்தார்கள். பேராசிரியர் உன் தோளைத் தட்டி, ஆராய்ச்சி என்றால் இப்படித்தான், வேறு தலைப்பு தருகிறேன் என்றார். நீ தலையை ஆட்டினாய். அன்று பின்னேரம் அறையில் துணிகளை மடித்துக்கொண்டே, "அன்னைக்கி நான் சாப்பிடப் போயிருக்கக் கூடாது" என்றாய். அந்த எண்ணெய்த் தொட்டியை நான் மறந்தே போயிருந்தேன். "என் கையாலதான் போச்சு" என்றாய். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பிடிவாதத்தில் உன்னை யார் வெல்வது?

நீ வேறு தலைப்பை எடுக்கவில்லை. பொகவந்தலாவைப் பக்கத்திலேயே ஒரு பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியையாகப் போய்விட்டாய். நல்ல ஆசிரியை என்று எல்லோரும் சொன்னார்கள், நீயும் சந்தோஷமாகத்தான் இருந்தாய். ஆனாலும் உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் எனக்கு ஆறாது. அந்தக் கையால் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாளே என்று இருக்கும். ஆய்வுகூடத்துப் பேச்சை எடுத்தால் நீ பிடி கொடுக்கமாட்டாய். "தொர எப்படி இருக்காரு?" என்று நான் வாய் தவறிக் கேட்டால், "தொர டிரான்ஸ்பர் ஆயிட்டாரு" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்து போவாய். பிறகு நோய் வந்தது. மார்பில் கட்டி என்றாய், வெட்டி எடுத்தார்கள், மறுபடியும் வந்தது. கடைசி மாதங்களை அம்மாவின் மடியிலேயே கழித்தாய். நீ போன அன்று பொகவந்தலாவையில் வெயில் அடித்தது. அப்படி ஒரு வெயிலை அந்தப் பள்ளத்தாக்கில் நான் பார்த்ததில்லை, அதன் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. போன மாதம், மாணவர்களுக்காகக் கணினித் திரையில் ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சியாளரின் பேச்சை ஒழுங்கு செய்திருந்தோம். ஃபுலரீனை விட்டு நான் வெகு தூரம் வந்துவிட்டேன், இப்போது முதல் வருடத்துப் பாடத்துக்காகத்தான் அதைத் தொடுகிறேன். அதனால் பாதிக் கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன். கைப்பிடி ஒட்டிய பந்துகளைப் பற்றிச் சொல்லும்போது அந்த இளைஞர் போகிற போக்கில் ஒன்றைச் சொன்னார். "கைப்பிடி ஒட்டுவதற்கு முன்னால் இவை வெளிச்சத்தைத் தாங்கும். ஒட்டிய பிறகு தாங்காது. சாதாரண அறை வெளிச்சமே போதும், பந்து அப்படியே இருக்க உள்ளே இருக்கும் நைதரசன் போய்விடும். இருட்டில்தான் வைக்க வேண்டும்."

கேள்வி நேரத்தில் கையைத் தூக்கினேன். காற்றே இல்லாமல், ஆர்கன் அடைத்த கண்ணாடிக் குப்பியில் இருந்தாலுமா என்று கேட்டேன்.

"காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை."

"டியூப் லைட்டுக்குக் கீழே, இரவு பகலாக, ஒரு வார இறுதி முழுக்க வைத்தால்?"

அவர் சிரித்தார். "எதுவும் மிஞ்சாது. யாராவது அப்படி வைத்தார்களா?"

சும்மா கேட்டேன் என்றேன். இது எப்போது தெரியவந்தது என்று மட்டும் கேட்டேன். வெளியிட்டுச் சில வருடம் ஆகிறது என்றார்.

அன்று முழுவதும் அழுதேன். உன் கையால் போகவில்லை. எண்ணெய்த் தொட்டியின் அந்தக் கொஞ்சச் சூடு தாங்கக்கூடியதுதான், பேராசிரியர் சொன்னது சரி. நீ செய்தது உலகத்தில் வெகு சிலரே செய்த வேலை, அதைச் சரியாகவே செய்திருந்தாய். உள்ளே தொரை இருந்தபடிதான் அந்தக் குப்பி வெள்ளிக்கிழமை ஹட்டன் போகும் ரயிலில் ஏறியது. இதை நீ தெரிந்துகொள்ளாமலே, கை தவறியவள் என்ற பழியைச் சுமந்துகொண்டே போய்விட்டாயே என்றுதான் மனது ஆறவில்லை. உன்னிடம் சொல்ல முடியாது. அம்மாவிடமாவது சொல்ல வேண்டும், உங்கள் மகள் கையில் குற்றமில்லை என்று. அந்த நினைப்போடுதான் போன வாரம் பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறினேன்.

பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. உன் கை இல்லை என்றால் வேறென்ன என்று அம்மா கேட்பார். வெளிச்சம் என்று சொல்ல வேண்டும். எந்த வெளிச்சம் என்று அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரித்து வை என்றவர் அவர், அணைக்காமல் காவல் காத்தவர் அவர். இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வழியில் போயிற்று, விமானத்தில் போயிற்று என்று எதையாவது சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் ஒரு கதையைத் தயார் பண்ணிக்கொண்டேன்.

அம்மா மெலிந்துவிட்டார். "வா புள்ள, வா" என்று என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். உன் படம் சாமி பலகைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. தேத்தண்ணி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். வேறு எதையும் பேசவில்லை, நேராக உன் பேச்சுக்குத்தான் வந்தார்.

"ஒன்னக் கேக்கணும்னு இருந்தேன். அவ மேலுக்கு முடியாம கெடக்குறப்ப ஒருநா, செல்போன வச்சு எதையோ ரொம்ப நேரம் படிச்சுக்கிட்டிருந்தா. அந்தப் பழைய படிப்பத்தான், படமெல்லாம் பந்து பந்தாத்தான் இருந்துச்சு. படிச்சிட்டுப் போன கவுத்து வச்சிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு, 'ஏம்மா, அந்தக் குப்பிய வச்சிருந்தப்ப ராத்திரில லைட்ட அணைச்சியா?'ன்னு கேட்டா. நான் ஏன் அணைக்கிறேன்? ரெண்டு நாளும் கண்ணக்கூட மூடாம பாத்துக்கிட்டேன், ஒரு நிமிசங்கூட அணைக்கலன்னு சொன்னேன்."

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"என்னையவே பாத்தா. அப்பறம் சிரிச்சா புள்ள. அந்த நோவுலயும் அப்புடிச் சிரிச்சா. என் கையப் புடிச்சிக்கிட்டு, 'நல்லாப் பாத்துக்கிட்டம்மா, ஒன்னைய மாதிரி யாரும் பாத்திருக்க மாட்டாங்க. என் கைதான் தவறிருச்சு'ன்னா. அதுக்கப்பறம் அதையேதான் சொல்லுவா. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், என் கையாலதான் போச்சு, என் கையாலதான் போச்சுன்னு."

நீ தெரிந்துகொண்டுதான் போயிருக்கிறாய். அந்தச் செய்தியைப் படித்து, அம்மாவிடம் விசாரித்து, சந்தேகமறத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகுதான் முன்னைவிட உரத்துச் சொல்லியிருக்கிறாய். நான் உன்னைப் பார்க்க வந்த கடைசித் தடவைகூட, கட்டிலில் சாய்ந்தபடி, அம்மாவின் காதில் விழும்படி அதையே சொன்னாய். எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. இன்னுமா இதையே பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று எரிந்து விழுந்தேன். நீ என்னையே பார்த்தாய். என்னிடமாவது சொல்லியிருக்கலாமே, புள்ள. இரண்டு பேராகச் சுமந்திருக்கலாம். நான் உளறிவிடுவேன் என்று பயந்தாயோ, தெரியவில்லை. உளறுவதற்குத்தான் பஸ் ஏறி வந்திருந்தேன்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது. எம்புள்ள கை அப்புடித் தவறுற கை இல்ல. நீ படிச்சவ, கூடவே இருந்தவ. என்கிட்ட மறைக்காமச் சொல்லு. நெசமாவே அவ கைதானா? இல்ல, வேற எதுனாலயாச்சுமா?"

வழியில் தயார் பண்ணிக்கொண்டு வந்த கதை எதுவும் வாயில் வரவில்லை. விமானம் என்று ஆரம்பித்தால் அம்மா அடுத்ததைக் கேட்பார், அதற்கடுத்ததைக் கேட்பார். கடைசியில் தானாகவே அந்தப் பலகையைத் திரும்பிப் பார்ப்பார். நீ போட்டு வைத்த ஒரு வழிதான் இருந்தது.

"ஆமாங்கம்மா" என்றேன். "அவ கைதாங்க தவறிருச்சு."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவளும் என்னா செய்வா, பாவம். மனுச கைதானே" என்றார். அவர் குரலில் ஏதோ ஒன்று தணிந்ததை நான் கேட்டேன். நீயும் படத்திலிருந்து அதைக் கேட்டிருப்பாய், அம்மா தன் மேல் பழி போட்டுக்கொள்ளக் கூடாது என்றுதானே இத்தனையும்.

உன் மேல் இருந்த பழியைத் துடைக்கப் போனவள், என் வாயாலேயே அதை உன் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஹட்டன் வரும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி அம்மா எத்தனை தடவை கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்வேன். அதைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வலிக்கும், புள்ள. அம்மா இருக்கும்வரை சொல்வேன்.